வியன்னா ஓப்பராவில் நின்று கேட்பது: மலிவு டிக்கெட்டில் என்ன கிடைக்கும்?

"ஒரு செமஸ்டர் படிக்க வியன்னா வருகிறேன். ஓப்பரா ஒன்றையாவது நேரில் பார்த்துவிட ஆசை. நல்ல இருக்கைகள் 200 யூரோவைத் தாண்டுகின்றன. நின்றுகொண்டு பார்க்கும் டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். அதில் போனால் ஒழுங்காக ஏதாவது தெரியுமா, கேட்குமா? எனக்கு இத்தாலியனும் தெரியாது, ஜெர்மனும் தெரியாது, மேற்கத்திய இசையில் பழக்கமும் இல்லை" என்பது கேள்வி.

கட்டாயம் போங்கள். நின்று பார்க்கும் டிக்கெட்டிலேயே போங்கள். முடிந்தால் அதிலும் உச்சித் தளத்துக்கு, கேலரிக்குப் போங்கள். கையில் காசில்லாதவருக்குச் சொல்லும் சமாதானமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பல வருடங்களாக அந்தக் கட்டடத்தின் எல்லாத் தளங்களிலும் உட்கார்ந்தும் நின்றும் கேட்டிருக்கிறேன். 200 யூரோ நாற்காலியில் முகங்கள் நன்றாகத் தெரியும். குரல் முழுசாக வந்து சேர்வது மேலேதான். ஓப்பராவுக்குப் போகிறவர் முதலில் கேட்டு வாங்க வேண்டியது குரலைத்தான்.

நான் முதன்முதலில் போனது இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'டோஸ்கா'. அப்போது கேலரியில் நிற்க 3 யூரோ, கீழே பார்ட்டெரில் நிற்க 4 யூரோ. 3 யூரோ டிக்கெட்டை வாங்கிக்கொண்டு படியேறினேன். எங்கே நிற்பது என்று தெரியாமல், காலியாக இருந்த இடது ஓரத்தில் போய் நின்றேன். திரை விலகியது. மேடையில் பாதிகூட எனக்குத் தெரியவில்லை. பாடுகிறவர் நாலடி இந்தப் பக்கம் நகர்ந்தால் ஆளே காணாமல் போய்விடுவார். முதல் அங்கம் முழுக்கக் கம்பியின் மேல் சாய்ந்து எட்டி எட்டிப் பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம். பக்கத்தில் நின்ற எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, கம்பியில் இரண்டு கைகளையும் வைத்துக் கண்ணை மூடியபடியே முழு அங்கத்தையும் கேட்டு முடித்தார். இடைவேளையில் என்னிடம் சொன்னார்: "கதையைப் படித்துவிட்டுத்தானே வந்தாய்? அடுத்த அங்கத்தில் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று காதே சொல்லிவிடும்."

இரண்டாம் அங்கம் ரோம் நகரப் போலீஸ் தலைவன் ஸ்கார்ப்பியாவின் அறையில் நடக்கிறது. அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். ஜன்னல் திறந்திருக்கிறது. கீழ்த் தளத்தில் அரசிக்காக நடக்கும் கச்சேரியில் கதாநாயகி டோஸ்கா பாடுகிறாள்; அவள் ஒரு பாடகி. அவள் குரலும் கோரஸும் ஜன்னல் வழியாக உள்ளே வருகின்றன. இந்தப் பக்கம் அவள் காதலனை உட்காரவைத்து விசாரணை நடக்கிறது. வெளியிலிருந்து வரும் பாட்டும் உள்ளே நடக்கும் மிரட்டலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. எரிச்சல் தாங்காமல் ஸ்கார்ப்பியா எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறான். பாட்டு கத்தரித்த மாதிரி நின்றுபோகிறது. கண்ணை மூடிக்கொண்டிருந்த எனக்கு அந்த நொடியில் உடம்பு சிலிர்த்தது. அறை சட்டென்று சின்னதாகிவிட்டது போல் இருந்தது. ஜன்னல் எந்தப் பக்கம், மேசை எந்தப் பக்கம், சித்திரவதை நடக்கும் உள்ளறை எவ்வளவு தள்ளி என்பதெல்லாம் பார்க்காமலே தெரிந்தது. அன்றைக்கு அந்த அம்மா சொல்லிக்கொடுத்ததைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

குரல் அவ்வளவு தூரம் வந்து சேர்வது எப்படிச் சாத்தியமாகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஓப்பராவில் மைக் கிடையாது. சுமார் 1,700 பேர் உட்கார்ந்தும் 400 பேருக்கு மேல் நின்றும் கேட்கும் அரங்கம். மேடைக்கு முன்னே ஒரு குழிக்குள் முழு ஆர்க்கெஸ்ட்ரா, அதாவது வாத்தியக் குழு, வாசிக்கிறது. அத்தனையையும் தாண்டி ஒற்றைத் தொண்டை உச்சித் தளம் வரைக்கும் வர வேண்டும். நம் சபாக்களில் பத்தாவது வரிசைக்கே ஸ்பீக்கர் வழியாகக் கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் இது நம்பமுடியாததாக இருக்கும். மைக் வருவதற்கு முன்னால் நம் நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பா எட்டாத கட்டையில் பாடிக் கடைசி வரிசை ஆளையும் கட்டிப்போட்டார் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே தேவைதான் இங்கே வேறு வழியில் தீர்க்கப்பட்டது.

ஆர்க்கெஸ்ட்ராவின் சத்தம் மிகப் பலமாக இருப்பது சுமார் 500 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 500 அதிர்வுகளை, ஒட்டிய பகுதியில். அதற்கு மேலே போகப்போக அது தேய்ந்துகொண்டே போகும். பயிற்சி பெற்ற ஓப்பரா பாடகர் குரல்வளையைத் தாழ்த்தித் தொண்டையை அகலப்படுத்திப் பாடும்போது, அவர் குரலில் 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு கூடுதல் வலு சேர்கிறது. ஆர்க்கெஸ்ட்ரா பலவீனமாக இருக்கும் இடம் அது. மனிதக் காது கூர்மையாக இருக்கும் இடமும் அதுதான். ஸ்வீடனைச் சேர்ந்த குரல் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி 1970-களில் இதை அளந்து விளக்கினார். பாடகர் ஆர்க்கெஸ்ட்ராவை விடச் சத்தமாகப் பாடுவதில்லை; அது காலியாக விட்ட சந்து வழியாகப் பாடுகிறார். இந்தப் பளபளப்பு டெனர், பாரிட்டோன், பாஸ் ஆகிய ஆண் குரல்களில் தெளிவாகத் தெரியும். உச்சத்தில் பாடும் பெண் குரலான சொப்ரானோவின் வழி வேறு. அவர் சுருதி ஏற ஏற வாயை அகலத் திறந்து, வாய்க்குள் ஏற்படும் அதிர்வைச் சுருதியோடு சேர்த்துக்கொள்கிறார். அதில் உயிரெழுத்துகளின் வித்தியாசம் அழிந்துபோகும். அந்த உயரத்தில் அவர் பாடுவது 'ஆ'வா 'ஏ'வா என்று இத்தாலியருக்கே தெரியாது. மொழி தெரியவில்லையே என்ற உங்கள் கவலையில் பாதி இங்கேயே போய்விட வேண்டும்.

சரி, இதெல்லாம் கீழே உட்கார்ந்தாலும் கேட்குமே, மேலே என்ன விசேஷம்? ஆர்க்கெஸ்ட்ரா இருப்பது ஒரு குழிக்குள். கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் வாத்தியங்களுக்கும் நடுவே குழியின் சுவர் நிற்கிறது. மேலே நிற்பவருக்கு அந்த மறைப்பு இல்லை. குழிக்குள் இருக்கும் அத்தனை வாத்தியங்களையும் நேரே பார்க்கலாம். பார்க்க முடிந்த இடத்திலிருந்து சத்தமும் நேரே வரும். வயோலாக்காரர் பக்கம் புரட்டுவதும், அடுத்த நுழைவுக்காகக் காத்திருக்கும் கொம்பு வாத்தியக்காரர் வாத்தியத்தில் சேர்ந்த ஈரத்தைக் கவிழ்த்து வடிப்பதும்கூட அங்கிருந்து தெரியும். இன்னொரு விஷயம், கீழே பின்வரிசைகளின் தலைக்கு மேல் அடுத்த தளம் கூரையாக நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கடியில் ஒலி கொஞ்சம் மங்கும். கேலரியின் முன்பக்கத்தில் தலைக்கு மேல் அரங்கத்தின் விதானம்தான்.

காதுதான் முதலில் என்பது என் சொந்தக் கட்சி இல்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவில் உச்சித் தளத்தில் மேடையே தெரியாத சில இடங்கள் உண்டு. சின்ன மேசை, அதன் மேல் ஒரு விளக்கு. ஸ்வரத்தாளை விரித்து வைத்துக்கொண்டு படித்தபடி கேட்பதற்கென்றே அந்த இடங்களை டிக்கெட் போட்டு விற்கிறார்கள். இசை படிக்கும் மாணவர்கள் தேடிப்போய் வாங்குகிறார்கள்.

மேலே நிற்பதில் குறையே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். முகபாவம் தெரியாது. சின்ன பைனாகுலர் ஒன்று இருந்தால் ஓரளவு சரிக்கட்டலாம். ஓரங்களில் நின்றால் எனக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேரும். அதனால் இடம் பிடிப்பதில் கவனமாக இருங்கள்.

வியன்னாவில் நிற்குமிடங்கள் மூன்று தளங்களில் இருக்கின்றன. பார்ட்டெர் என்பது கீழ்த்தளத்தின் பின்புறம், நடு மாடத்துக்கு நேர் கீழே. மேடை மிக நேராகத் தெரிவது அங்கிருந்துதான். முதலில் நிரம்புவதும் அதுதான். அதற்கு மேல் மூன்று அடுக்கு தனி மாடங்களைத் தாண்டினால் பால்கனி, அதற்கும் மேலே கேலரி. கண்ணுக்கு முன்னுரிமை என்றால் பார்ட்டெர். காதுக்கு என்றால் கேலரியின் நடுப்பகுதி. பால்கனியின் ஓரமா, கேலரியின் நடுவா என்று வந்தால் யோசிக்காமல் ஒரு மாடி கூடுதலாக ஏறிவிடுங்கள்.

டிக்கெட் விலை இப்போது ஏறிவிட்டது. 3 யூரோ, 4 யூரோ காலம் போய், பத்து யூரோவைத் தாண்டிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. வாரத்தில் நான்கு நாள் வந்துகொண்டிருந்த ஓய்வூதியக்காரர்கள் இரண்டு நாளாகக் குறைத்துக்கொண்டதைப் பார்க்கிறேன். ஆனாலும் உட்காரும் நல்ல இருக்கையோடு ஒப்பிட்டால் இன்னும் சொற்பம்தான். முன்பெல்லாம் பிற்பகலிலேயே பக்கவாட்டுத் தெருவில் வரிசையில் நின்று, நிகழ்ச்சிக்கு 80 நிமிடம் முன்னால் கவுண்டர் திறந்ததும் வாங்க வேண்டும். பெரிய பாடகர் வரும் நாளில் அந்த வரிசை மதியத்துக்கு முன்பே தொடங்கிவிடும். இப்போது நிகழ்ச்சி நாளன்று காலை 10 மணிக்கு இணையத்திலும் விற்பனைக்கு வருகிறது. விதிமுறையை அவ்வப்போது மாற்றுகிறார்கள் என்பதால் வந்ததும் ஓப்பராவின் இணையதளத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் ஒரு பழைய வழக்கத்தைப் பார்ப்பீர்கள். கம்பி வரிசைகள் படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். உங்களுக்கு வேண்டிய இடத்தில் கம்பியைச் சுற்றி ஒரு மஃப்ளரையோ துப்பட்டாவையோ கட்டிவிட வேண்டும். கட்டிவிட்டால் அந்த ஓர் ஆள் அகலம் கடைசித் திரை விழும் வரைக்கும் உங்களுடையது. காவலுக்கு யாரும் வேண்டாம். இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு வெளியே போய், அல்பெர்டினா அருங்காட்சியகத்துக்கு எதிரே சாசேஜ் கடையில் கேஸெக்ரைனர் ஒன்று சாப்பிட்டுவிட்டு வரலாம். உள்ளே பாலாடைக்கட்டி உருகி நிற்கும் சாசேஜ் அது. அசைவம் வேண்டாம் என்றால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. திரும்பி வரும்போது நூறு நிறத்தில் நூறு துணிகள் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்றையும் யாரும் அவிழ்த்திருக்க மாட்டார்கள். மறந்தும் நீங்கள் அடுத்தவர் முடிச்சில் கை வைத்துவிட வேண்டாம். அந்தத் தளமே திரும்பி உங்களைப் பார்க்கும். முதல் அங்கம் முடிந்ததும் சுற்றுலா வந்தவர்களில் நிறையப் பேர் கிளம்பிவிடுவார்கள். அவர்களே தங்கள் துணியை அவிழ்த்துக்கொண்டு போன பிறகு நடு இடம் காலியாகும். ஓரத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அது நல்ல சமயம்.

மொழிக்கு வருவோம். நிற்பவர் முன்னாலும் கம்பியில் சின்னத் திரை ஒன்று இருக்கும். பொத்தானை அழுத்தினால் பாடல் வரிகள் ஆங்கிலத்தில் ஓடும். அது போதும். ஆனால் அதையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். இரண்டரை மணி நேரமும் வாசித்துக்கொண்டே இருந்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். முந்தின நாளே கதையை அங்கம் அங்கமாகப் படித்துவிடுங்கள். அதோடு முக்கியமான இரண்டு, மூன்று பாட்டுகளைப் பலமுறை கேட்டுவையுங்கள். ராகம் தெரியாமல் கச்சேரிக்குப் போகிறவருக்கும் ஏற்கெனவே தெரிந்த கிருதி வந்ததும் முகம் மலர்கிறது இல்லையா, அதுபோல அந்தப் பாட்டு எங்கே வரப்போகிறது என்று காத்திருப்பதே உங்களை நடத்திக்கொண்டு போய்விடும். டோஸ்காவில் என்றால் இரண்டாம் அங்கத்தில் அவள் கடவுளிடம் முறையிடும் 'விஸ்ஸி தார்த்தே', மூன்றாம் அங்கத்தில் சாகப்போகிற காதலன் பாடும் 'எ லூச்சேவான் லே ஸ்டெல்லே' இரண்டையும் கேட்டுவையுங்கள். இரண்டாவது பாட்டின் மெட்டை முதலில் கிளாரினெட் வாசிக்கும். பாடகர் தனக்குத்தானே பேசிக்கொள்கிறவர் மாதிரி ஒரே ஸ்வரத்தில் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். கிளாரினெட் சொல்லி முடித்த பிறகுதான் அவர் குரல் அந்த மெட்டை எடுக்கும். அந்த இடத்தில் இரண்டாயிரம் பேர் இருக்கும் அரங்கில் ஒரு தும்மல்கூடக் கேட்காது.

மேலே நிற்கிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்த ஓப்பரா ஒரே நாடகத்தை மாதக்கணக்கில் போடுவதில்லை. செப்டம்பர் முதல் ஜூன் வரை நாளுக்கொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். வருடத்தில் சுமார் 300 நிகழ்ச்சிகள். அதனால் ஒரே டோஸ்காவை வேறு வேறு குரல்களில் நூறு தடவை கேட்டவர்கள் உங்கள் பக்கத்தில் நிற்பார்கள். வியன்னாவில் இன்றும் போடப்படும் டோஸ்கா தயாரிப்பு 1958-ல் மார்கரெட்டே வால்மன் அமைத்தது. முதல் நாள் கராயான் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்த, ரெனாட்டா டெபால்டி டோஸ்காவாகப் பாடினார். அதே அமைப்பு 600 தடவைகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. மேடை மாறவில்லை, பாடுபவர்கள் தலைமுறை தலைமுறையாக மாறியிருக்கிறார்கள். அவர்களை ஒப்பிட்டுச் சொல்லத் தெரிந்தவர்கள் கேலரியில்தான் இருக்கிறார்கள். அந்தத் தளத்தின் கைதட்டலுக்குத்தான் பாடகர்கள் பயப்படுகிறார்கள்.

மிலானின் லா ஸ்காலாவில் இந்த மேல் தளத்துக்கு லொஜ்ஜோனே என்று பெயர். அங்கே இருப்பவர்கள் வியன்னாக்காரர்களைப் போல மென்மையானவர்கள் இல்லை. 2006 டிசம்பரில் 'ஐடா' நடந்தபோது டெனர் ரொபெர்த்தோ அலான்யா முதல் பாட்டை முடித்ததும் மேலிருந்து கூச்சல் எழுந்தது. அவர் மேடையை விட்டே போய்விட்டார். மாற்றுப் பாடகர் அந்தொனெல்லோ பலோம்பி, வேஷம் போடக்கூட நேரமில்லாமல், வந்த உடையிலேயே மேடையேறி எகிப்தியத் தளபதியாகப் பாடினார். கூச்சல் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. தொண்டை ஒரு நாள் ஒத்துழைக்காமல் போவது யாருக்கும் நடக்கும். ஆனால் மலிவு டிக்கெட்காரன் சும்மா ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறவன் இல்லை என்பதை அந்தச் சம்பவம் எல்லோருக்கும் காட்டியது.

அந்த உரிமை தானாக வந்துவிடவில்லை. 1637-ல் வெனிஸ் நகரில்தான் காசு கொடுத்தால் யாரும் வரலாம் என்ற முதல் பொது ஓப்பரா அரங்கம் திறந்தது. அதுவரை அரண்மனைக்குள் நடந்த கலை அது. லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கம் 1808-ல் எரிந்து, அடுத்த வருடம் புதிதாகக் கட்டித் திறந்தபோது, செலவை ஈடுகட்ட விலையை ஏற்றினார்கள். பணக்காரர்களுக்குத் தனி மாடங்களைக் கூட்டினார்கள். மேல் கேலரியை எவ்வளவு செங்குத்தாகக் கட்டியிருந்தார்கள் என்றால், அங்கிருந்து நடிகர்களின் கால்கள்தான் தெரிந்தன. மக்கள் விடவில்லை. இரவுக்கு இரவு வந்து, பழைய விலையைக் கொடு என்று கத்தி, மணியடித்து, ஆடி, மேடையில் ஒரு வார்த்தையும் காதில் விழாமல் செய்தார்கள். மூன்று மாதங்களுக்கு அருகே இது நீடித்தது. கடைசியில் நிர்வாகியாக இருந்த ஜான் கெம்பிள் மன்னிப்புக் கேட்டுக் கீழ்த்தள விலையைப் பழையபடி இறக்கினார்.

வியன்னாவின் கதை வேறு மாதிரி. இந்தக் கட்டடம் 1869 மே 25 அன்று மொசார்ட்டின் 'டான் ஜொவானி'யுடன் திறந்தது. ஊர் வாயில் விழுந்து பட்ட கேலியைத் தாங்க முடியாமல் கட்டடக் கலைஞர்களில் ஒருவரான வான் டெர் ன்யூல் முந்தின வருடமே தூக்குப் போட்டுக்கொண்டார். அவருடைய கூட்டாளி ஸிக்கார்ட்ஸ்பர்க் இரண்டே மாதத்தில் நோயில் இறந்தார். இருவருமே திறப்பு விழாவைப் பார்க்கவில்லை. 1945 மார்ச் 12 அன்று குண்டு விழுந்து மேடையும் பார்வையாளர் அரங்கும் எரிந்து போயின. முகப்பும் பெரிய படிக்கட்டும் மிஞ்சின. நீங்கள் முன்வாசல் வழியாக ஏறினால் ஏறுவது பழைய படிகள்; உள்ளே நுழைந்ததும் நிற்பது புதிய அரங்கம். பத்து வருடம் கழித்து, நேச நாட்டுப் படைகள் ஆஸ்திரியாவை விட்டு வெளியேறிய சில நாட்களில், 1955 நவம்பர் 5 அன்று பெத்தோவனின் 'ஃபிடேலியோ'வுடன் மறுபடி திறந்தார்கள். சிறையிலிருந்து கைதிகள் வெளிச்சத்துக்கு வரும் கதை அது. சாப்பாட்டுக்கே திண்டாடிய நகரம் தன் ஓப்பராவைத் திரும்பக் கட்டியபோது நிற்குமிடங்களையும் மறக்காமல் கட்டிக்கொண்டது என்பதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் 1897 முதல் 1907 வரை இங்கே இயக்குநராக இருந்தார். தாமதமாக வருகிறவர்களை உள்ளே விடாதே என்று சட்டம் போட்டார். கூலிக்குக் கைதட்டும் கும்பலையும் அடக்கப் பார்த்தார். முதல் சட்டம் இன்றைக்கும் அமலில் இருக்கிறது. ஆரம்ப நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே உங்கள் கம்பியடியில் இருங்கள்.

எதைப் பார்ப்பது என்று கேட்டால், முதல் தடவைக்கு டோஸ்கா அல்லது 'லா பொஹேம்'. இரண்டும் இசையளவில் இரண்டு மணி நேரத்தை ஒட்டியவை, இடைவேளை தனி. சிரிக்க வேண்டும் என்றால் ரொஸ்ஸினியின் 'செவில் நாவிதன்'. நீளமான ஓப்பராக்கள் எழுதிய வாக்னரை நின்றுகொண்டு தொடங்காதீர்கள். அவருடைய 'பார்ஸிஃபால்' முதல் அங்கம் மட்டுமே ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும். கால் வலி இசையின்மேல் வெறுப்பாக மாறிவிடும். நீளம் என்பது உட்கார்ந்திருப்பவர்களுக்கே பிரச்சினைதான். 1867-ல் பாரிஸுக்காக ஐந்து அங்கங்களில் 'டான் கார்லோஸ்' எழுதிய வெர்டி, ஊருக்கு வெளியே போகிறவர்கள் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டுமே என்று அரங்கேற்றத்துக்கு முன்பே சில பகுதிகளை வெட்ட வேண்டியிருந்தது.

உடைக்குக் கோட்டு சூட்டு தேவையில்லை. சுத்தமான பேன்ட், காலர் வைத்த சட்டை அல்லது நல்ல சுடிதார், புடவை, எதுவும் சரி. அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் வேண்டாம். குளிர் கோட்டையும் பெரிய பையையும் கீழே உடைமைகளை வாங்கி வைக்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும். செருப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைப் பார்க்காதீர்கள். குதிகால் தட்டையாக இருக்கட்டும். இடைவேளையில் நிற்கவே நிற்காதீர்கள், படியிலாவது உட்காருங்கள். கைபேசியை அணைத்துவிடுங்கள், மேலே இருட்டில் ஒரு திரை மினுங்கினால் முப்பது பேருக்குக் கண் கூசும். பாட்டு முடிந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் கைதட்டாமல் இருங்கள். பக்கத்தில் நிற்கும் நரைத்த தலைகள் தட்டும்போது நீங்களும் தட்டலாம்.

தெருவில் பொய்முடியும் சிவப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு மொசார்ட் வேஷத்தில் டிக்கெட் விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள். அவர்கள் விற்பது சுற்றுலாப் பயணிகளுக்கான தனிக் கச்சேரிகள். இந்த ஓப்பரா இல்லை. ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் ஓப்பரா மூடியிருக்கும். நின்று பார்க்க உடம்பு இடம் கொடுக்காது என்றாலும் ஒரு வழி இருக்கிறது. வசந்த காலத்திலும் செப்டம்பரிலும் சில நிகழ்ச்சிகளை வெளியே கராயான் சதுக்கத்தில் பெரிய திரையில் நேரடியாகக் காட்டுகிறார்கள். நாற்காலி உண்டு, காசு கிடையாது. ஆனால் அங்கே குரல் ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும். கதை பழகுவதற்கு அதைப் பாருங்கள், அப்புறம் உள்ளே போங்கள்.

டோஸ்காவுக்குப் போனால் ஒன்று மட்டும் செய்யுங்கள். இரண்டாம் இடைவேளை முடியும் முன்னாலேயே கேலரிக்குத் திரும்பிவிடுங்கள். மூன்றாம் அங்கம் விடியலுக்கு முன் ரோம் நகரக் கோட்டை மாடியில் தொடங்குகிறது. மேடையில் கிட்டத்தட்ட ஒன்றுமே நடக்காது. எங்கோ ஓர் இடையன் சிறுவன் பாடிக்கொண்டு போவான். பிறகு ஒன்றொன்றாகத் தேவாலய மணிகள் அடிக்கத் தொடங்கும், ஒன்று கிட்டத்தில், ஒன்று தூரத்தில். புச்சினி ரோமின் மணிகளைப் பற்றி விசாரித்து, பீட்டர் தேவாலயத்துப் பெரிய மணியின் சுருதி என்ன என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதிய பகுதி இது. மணிகள் மேடைக்குப் பின்னால் வெவ்வேறு இடங்களிலிருந்து அடிக்கும். மேலே நின்று கண்ணை மூடிக்கொண்டு, எது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.